அறுபத்து நான்காம் பக்கம்

தூத்துக்குடி
8 ஜூன் 2025

அன்புள்ள மைனிக்கு,

ஜெப்ஸி எழுதுகிறேன். கவரின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் சந்தோஷம். போன ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழா அன்று எங்கள் வீட்டு விருந்தில் சண்டை போட்டோம். அதன்பிறகு மூன்று தடவை போனில் பேசினோம். மூன்று தடவையும் பாதியில் வைத்துவிட்டோம். இரண்டு தடவை நான், ஒரு தடவை நீங்கள். போனில் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் தாள்.

உங்கள் தம்பி போன மாதம் கப்பல் ஏறினார். இந்த முறை பிரேசில் பக்கம், நவம்பரில்தான் வருவார். ஜெமிக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. ஷாமுக்கு எட்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கத் தொடங்கி இது மூன்றாவது வருஷம். ஏன் நிறுத்தினோம் என்று அன்றைக்கு விருந்தில் சொல்ல நீங்கள் விடவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். கிளைட்டன் வருஷத்தில் மூன்று நான்கு மாதம்தான் கரையில் இருக்கிறார். அந்த நாட்களிலும் டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், பரீட்சை என்று பிள்ளைகள் அவர் கண்ணில் படுவதே இல்லை. "நான் இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியா, ஜெப்ஸி?" என்று ஒருநாள் கேட்டார். அதுதான் காரணம். ஆசிரியர் வேலையை நாங்கள் மட்டமாக நினைக்கவில்லை மைனி. நீங்கள் அப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கணக்கும் அறிவியலும் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். வரலாறுதான் கையில் நிற்கவில்லை. எங்களைப் போல வீட்டில் படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். அவர்கள் கொடுத்த பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பேரின் வாழ்க்கை வரலாறுகள். ஜெமி அதை மேலிருந்து கீழே வரை பார்த்துவிட்டு, "ஏம்மா, தூத்துக்குடியில யாருமே வாழலையா?" என்று கேட்டாள். 

நீங்கள் இருபத்து நான்கு வருஷமாக வரலாறு நடத்துகிறீர்கள். இந்த வருஷத்துக்கான புத்தகங்களை எடுத்துத் தருவீர்களா? முடியாது என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

ஜெப்ஸி


வேம்பார்
15 ஜூன் 2025

ஜெப்ஸிக்கு,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த போஸ்ட்மேன் நயினார், "டீச்சர், தூத்துக்குடிலருந்து கையெழுத்துல லெட்டர் வந்திருக்கு, யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, நான் பிரிக்கும் வரைக்கும் வாசலிலேயே நின்றார். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று அவருக்குப் பயம்.

அன்றைக்கு நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "பிள்ளைங்களக் கோழிக்குஞ்சு மாதிரி கூடைக்குள்ள கவுத்தி வச்சிருக்கா" என்றேன். நீ சொன்னதும் நினைவிருக்கிறது. "மார்க்குக்குப் பாடம் நடத்துறவங்களுக்கு வேற என்ன தெரியும்" என்றாய், அத்தனை பேர் முன்னால். காரணத்தை இப்போது எழுதியிருக்கிறாய். கிளைட்டன் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்ததை நான் மூன்றாம் மனிதர் வாயால் கேட்டேன். அந்தக் கோபம் அவன் மேல். உன் மேல் கொட்டினேன். இத்தோடு அதை விடு.

பட்டியலைப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் வெள்ளைக்காரர்கள். அதுகூடப் பரவாயில்லை. இதில் மூன்று புத்தகங்களை நான் படித்திருக்கிறேன். மூன்றிலும் அந்த ஆள் விடியற்காலையில் எழுகிறார், ஜெபிக்கிறார், பட்டினி கிடக்கிறார், கடைசியில் ஜெயிக்கிறார். நடுவில் ஒருநாள்கூடக் கோபப்படவில்லை, யாரையும் தப்பாக நினைக்கவில்லை. பிள்ளைகள் இப்படி ஒரு ஆளை எங்கே பார்க்கப் போகிறார்கள்? வாழ்க்கை வரலாறு வாங்கும்போது ஒன்றை மட்டும் பார். அந்த ஆள் தப்பு செய்த பக்கம் எங்கே இருக்கிறது? அப்படி ஒரு பக்கம் இல்லையென்றால் புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிடு. வரலாற்றுப் புத்தகம் என்றால் யார் எழுதியது, எப்போது எழுதியது, யார் படிப்பதற்காக எழுதியது என்று முதலில் பிள்ளைகளைக் கேட்க வை. பிறகு பாடத்துக்குள் போ.

மூன்று புத்தகங்களை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். ஒன்று சவேரியார் சரித்திரம். இன்னொன்று முத்துக்குளிப்பு பற்றியது. மற்றது உங்கள் ஊரிலிருந்து சுதேசிக் கப்பல் விட்ட கதை. மூன்றும் எனக்குத் திரும்பி வர வேண்டும். பென்சிலில்கூடக் கோடு போடக் கூடாது.

டெல்பின்


தூத்துக்குடி
28 ஜூன் 2025

அன்புள்ள மைனிக்கு,

முத்துக்குளிப்புப் புத்தகம் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டது. அதில் ஒரு அத்தியாயத்தில், போர்ச்சுக்கீசியர் கப்பலோடு வந்து நம் பேச்சில் தங்கிவிட்ட சொற்கள் இருக்கின்றனவே, அலமாரி, ஜன்னல், மேசை, சாவி என்று, ஷாம் அதைப் படித்துவிட்டு வீடு முழுக்கச் சீட்டு ஒட்டிவிட்டான். அலமாரியில் 'போர்ச்சுக்கல்'. ஜன்னலில் 'போர்ச்சுக்கல்'. ஃபிரிட்ஜில் 'கொரியா'. அம்மியில் மட்டும் 'நாம' என்று எழுதியிருக்கிறான்.

குளிப்பவர்கள் மூச்சுப் பிடித்துக் கடலுக்கடியில் இருந்த கணக்கைப் படித்ததும் இரண்டு பேரும் வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துப் பந்தயம் போட்டார்கள். ஜெமி நாற்பத்தொன்று எண்ணும் வரை இருந்தாள். ஷாம் இருபத்தாறில் எழுந்து, "கள்ள எண்ணிக்கை எண்ணுதா" என்று அழுதான். ஜெமி அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டாள்: "ஞானஸ்நானம் குடுத்தவங்களே முத்துலயும் பங்கு கேட்டாங்களாம்மா?" ஆமாம் என்றேன். "அப்ப நம்ம ஆளுங்க எதுக்காகச் சேர்ந்தாங்க, சாமிக்காகவா, பாதுகாப்புக்காகவா?" இரண்டும் இருந்திருக்கலாம் என்றேன். "ரெண்டும் இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் நாசரேத்தில், புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவள், பரதவர் கதை எனக்குப் பாதிதான் தெரியும். இந்தப் பத்து நாளில் என் மாமியார் வீட்டைப் பற்றி, பதினான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் தெரிந்துகொண்டதைவிட அதிகம் தெரிந்துகொண்டேன்.

சவேரியார் புத்தகத்தை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. கோபப்படாதீர்கள். நீங்கள் சொன்ன சோதனையை வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் அவர் தப்பு செய்த பக்கம் ஒன்றுகூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் அற்புதம், புதுமைதான். அது மற்ற இரண்டோடு சேர்ந்து வருகிறது. கோடு எதுவும் போடவில்லை.

ஜெப்ஸி


வேம்பார்
5 ஜூலை 2025

ஜெப்ஸிக்கு,

நீ சொன்னது சரி. அது என் புதுநன்மைக்கு, முதல் தடவை நற்கருணை வாங்கிய அன்று, அப்பா கொடுத்த புத்தகம். நாற்பத்திரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன். என் சோதனையை அதன்மேல் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. உன் கடிதத்தைப் படித்து ஒருநாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது தானாகப் போய்விட்டது.

இதோடு கொழும்புக்குத் தோணி ஓட்டிய ஒரு வியாபாரியின் வாழ்க்கை வருகிறது. முதல் அத்தியாயத்திலேயே யார் பேச்சையும் கேட்காமல் புயலில் பாய் விரித்துத் தோணியை முழுக்கிவிடுகிறார். ஷாமுக்குப் பிடிக்கும்.

ஜெமி கேட்ட கேள்வியை என் வகுப்பில் கேட்டேன். நாற்பத்தாறு பிள்ளைகளில் ஒருத்தன்தான் கை தூக்கினான். "பரீட்சைல வருமா டீச்சர்?" என்று கேட்டான்.

டெல்பின்


தூத்துக்குடி
19 ஜூலை 2025

அன்புள்ள மைனிக்கு,

இந்தக் கடிதத்தை எழுத ஒரு வாரமாகத் தயங்கினேன். நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்டுவிடக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன்.

என் பட்டியலில் ஒரு புத்தகத்தை உங்களிடம் கேட்காமலே முன்பே வாங்கிவிட்டேன். நாசரேத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்த ஆங்கிலேயப் போதகரின் சரித்திரம். என் அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நானும் ஜெமி வயதில் இந்தச் சரித்திரத்தைப் படித்திருக்கிறேன். அதனால் யோசிக்காமல் அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஜெமி சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாளை மீன் குழம்பு, அவளுக்குப் பிடித்ததுதான். என்னவென்று கேட்டேன். "அப்பாவும் டெல்பின் அத்தையும் பரலோகத்துக்குப் போக மாட்டாங்களாம்மா?" என்றாள். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அறுபத்து நான்காம் பக்கத்தைக் காட்டினாள். அந்தப் போதகரின் நாட்குறிப்பிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்: 'கரையோரத்து மீனவர் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள். சுரூபங்களின் முன் விழுகிறார்கள். அஞ்ஞானிகளைக் காட்டிலும் ஆழ்ந்த இருளில் இருக்கிறார்கள்.'

அது அந்தக் காலத்தில் எழுதியது என்றேன். "அந்தக் காலத்துல எழுதினதுன்னா பொய்யா?" என்றாள். அவருக்கு நம் ஆட்களைத் தெரியாது என்றேன். "அப்ப நீ எதுக்கு இத எனக்கு வாங்கிக் குடுத்த?" என்று கேட்டாள் மைனி. 

உண்மை என்ன தெரியுமா? நானும் அந்த வரியைப் பன்னிரண்டு வயதில் படித்திருக்கிறேன். அது என் கண்ணில் படவே இல்லை. அப்போது நான் திரேஸ்புரத்து மீனவ வீட்டுக்காரரைக் கல்யாணம் கட்டியிருக்கவில்லை. யாரையோ சொல்கிறார்கள் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன படிக்கிறார்கள் என்பது என் கையில் இருக்கும் என்று நினைத்தேன். என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா, புத்தகத்தையே எடைக்குப் போட்டுவிடலாமா என்று தெரியவில்லை. கிளைட்டனிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் என்மேல் கோபப்பட்டால் அது நியாயம்தான். ஆனால் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று மட்டும் எழுதுங்கள்.

ஜெப்ஸி


வேம்பார்
29 ஜூலை 2025

ஜெப்ஸிக்கு,

உனக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் கடிதத்தில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் உன் ஊர்ப் போதகர்களை எல்லாம் திட்டியிருந்தேன். எங்கள் ஆட்கள் சுறாவுக்கு நடுவில் குதிக்கும்போது எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு குதித்தார்கள் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தேன்.

அந்த வேகத்தில், எங்கள் பக்கத்துப் புத்தகத்தில் உங்களைப் பற்றி இப்படி எதுவும் இல்லை என்று எழுதுவதற்காக சவேரியார் புத்தகத்தைத் திறந்தேன். தொண்ணூற்றெட்டாம் பக்கம். 'பின்னாளில் வந்த பதிதர்கள் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்களைப் போல் எளிய ஜனங்களைக் கெடுத்தார்கள்' என்று இருக்கிறது. பதிதர் என்றால் உங்கள் சபைக்காரர்கள். உன் அம்மா, உன் அப்பா, நீ. சிறுபிள்ளையில் எத்தனையோ தடவை படித்த புத்தகம். எனக்கும் அந்த வரி கண்ணில் பட்டதே இல்லை. அதைத்தான் உன் பிள்ளைகள் படிக்கட்டும் என்று பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன்.

நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் நீ அதைப் பார்த்திருக்கிறாய். புதுமை அதிகம் என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பக்கத்தைக் கிழிக்காதே. எடைக்கும் போடாதே. ஜெமிக்கு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் என்னைப் பார்த்து நீங்கள் மோட்சம் போவீர்களா என்று கேட்டதில்லை. ஆனால் கேள்வி என்னைப் பற்றியது, என்னிடமே கேட்கட்டும். திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வருகிறேன். அந்தப் புத்தகத்தை எடுத்து வை. நான் முதலில் முழுக்கப் படிக்க வேண்டும்.

டெல்பின்


தூத்துக்குடி
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மைனிக்கு,

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? நீங்கள் மறந்துவிட்டுப் போன கண்ணாடிக் கூட்டை ஷாம் பத்திரமாக வைத்திருக்கிறான். அதற்கும் சீட்டு ஒட்டியாகிவிட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தொண்ணூற்றெட்டாம் பக்கத்தை அன்றைக்கே பார்த்தேன். உடனே உங்களுக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். ஆனால் பத்து மாதத்துக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய முதல் பார்சல் அது. அதைச் சொல்லி மறுபடியும் உங்களை இழந்துவிடப் பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டது சரியா என்று இப்போது தெரியவில்லை.

அன்று வந்ததும் காபிகூடக் குடிக்காமல் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டீர்கள். நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் நீங்களும் ஜெமியும் அறைக்குள் போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. முதலில் சத்தமே இல்லை. பிறகு அவள் ஏதோ வாசிப்பது கேட்டது. பிறகு இரண்டு பேரும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு உலையில் அரிசி போடவே ஞாபகம் வந்தது.

விருந்தில் மரியசெல்வி சித்தி, "என்ன ஜெப்ஸி, பிள்ளைங்கள இன்னும் வீட்டுலதான் அடைச்சு வச்சிருக்கியா?" என்று எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார்களே, எனக்குப் போன வருஷம் மாதிரியே காது சூடாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், "புத்தகம் எடுத்துக் குடுக்கது நாந்தான் சித்தி, எதுவும் கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க" என்றீர்கள். சித்தி பிரியாணியில் எலும்பைத் தேட ஆரம்பித்தார்கள். அன்று இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளைட்டனிடமும் போனில் சொல்லிவிட்டேன். சிரித்தார். "எஞ்சின் ரூம்ல கிடக்கவன் இருட்டுலதான் இருப்பான்னு ஜெமிகிட்ட சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ எப்பவாவது அப்பிடி நினைச்சிருக்கியா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால், எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லும்போது கொஞ்சம் நினைத்தேன் என்று சொன்னேன். ஒரு ஞாயிறு சர்ச்சுக்கும் மறு ஞாயிறு மாதா கோவிலுக்கும் போக ஆரம்பித்த பிறகு இல்லை என்றேன். "எனக்குத் தெரியும்" என்றார். பதினான்கு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது, கேட்கவில்லை.

ஜெமி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து மறுபடியும் படிக்கிறாள். நீங்கள் என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அத்தகிட்டயே கேளு" என்கிறாள். கேட்கிறேன். என்ன சொன்னீர்கள் மைனி?

ஜெப்ஸி


வேம்பார்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெப்ஸி,

பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் போனதும் அவள் நேராகக் கேட்டுவிட்டாள். "அத்தை, நீங்க இருட்டுலயா இருக்கீங்க?" என்றாள். "நேத்து வந்த பஸ்ல லைட் எரியல, அப்ப மட்டும் இருட்டுல இருந்தேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் நானும் விளையாட்டை விட்டேன். "யார் மோட்சத்துக்குப் போவா, யார் போக மாட்டான்னு அத்தைக்குத் தெரியாது. இத எழுதினவருக்கும் தெரியாது. தெரியும்னு நினைச்சு எழுதிட்டார்" என்றேன்.

முந்தின நாள் சாயங்காலம் நான் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன் அல்லவா? திட்டுவதற்குத் தோதாக இன்னும் நாலு இடம் கிடைக்கும் என்றுதான் தொடங்கினேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஜெமியிடம், "இதப் படிச்சியா?" என்று கேட்டேன். "இல்ல அத்தை, அந்த அத்தியாயம் போர் அடிச்சுது, தாண்டிட்டேன்" என்றாள். சத்தமாக வாசிக்கச் சொன்னேன். காலராவில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் போய்விடுகிறார்கள். பெரியவளுக்கு ஆறு வயது. பெட்டி செய்ய ஆள் வரப் பயந்ததால் அவரே பலகை அறுக்கிறார். மறு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தைத் திறக்கிறார். வாசிக்க வாசிக்க ஜெமியின் குரல் இறங்கிவிட்டது. முடித்துவிட்டு, "இவரா அதையும் எழுதினார்?" என்று கேட்டாள். இவர்தான் என்றேன்.

பிறகு நான் பையிலிருந்து சவேரியார் புத்தகத்தை எடுத்து, தொண்ணூற்றெட்டாம் பக்கத்தைக் காட்டினேன். "இது உங்க அம்மாவப் பத்தி" என்றேன். படித்துவிட்டு, "அம்மா ஓநாயா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நீ கேட்ட சிரிப்பு அதுதான். காலையில் அவளை எழுப்பும்போது நீ போடும் சத்தத்தை நடித்துக் காட்டினாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை, மன்னித்துக்கொள்.

நீ தொண்ணூற்றெட்டாம் பக்கத்தைச் சொல்லாமல் விட்டது சரியா என்று கேட்டிருந்தாய். அப்போது சொல்லியிருந்தால் நான் இன்னொரு பத்து மாதம் பேசாமல் இருந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். இனிமேல் சொல்.

சிரித்து முடித்த பிறகு ஜெமி அந்தப் போதகரின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "பாவம் அத்தை இவரு. ஆனாலும் நம்மளப் பத்தி இவரு சொன்னது தப்புதான்."

கவனித்தாயா? என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். உங்களப் பத்தி என்று சொல்லியிருக்கலாம், அது என்னைப் பற்றிய வரிதானே. நான் அப்படித்தான் எதிர்பார்த்தேன். நாசரேத்துக்காரி வளர்த்த பிள்ளை, எங்களைத் தள்ளி நின்று பார்க்கும் என்று மூன்று வருஷமாக எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அன்றைக்கு விருந்தில் நான் போட்ட சத்தமெல்லாம் அந்தப் பயம்தான். அவள் நம்மளப் பத்தி என்றாள். அதற்கு அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சொல்லிவிட்டு, பசிக்கிறது என்று அடுப்படிக்கு ஓடிவந்துவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அவளுக்குப் பின்னால் நான் தாமதமாக வந்தது அதனால்தான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அடுத்த பருவத்துக்கான புத்தகங்களை இரண்டு பேரும் கடைக்குப் போய்ச் சேர்ந்தே எடுப்போம். பிள்ளைகளையும் கூட்டிக்கொள். ஆளுக்கொன்று அவர்களே எடுக்கட்டும், நாம் இரண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது.

உன் மைனி